வேணுவுக்காக அரை ஸ்வரம் இறக்கினோம்

போன மாதம் சந்தாபுராவில் ஒரு ஒத்திகை அறைக்குப் போயிருந்தேன். என் மருமகனோடு வேலை பார்க்கும் நாலைந்து பேர் சேர்ந்து ராக் பேண்டு நடத்துகிறார்கள். "அங்கிள் ஒருதரம் வந்து கேட்கணும்" என்று கூப்பிட்டிருந்தார்கள். ஏ.சி. அறை, சுவரெல்லாம் பஞ்சு. பாடுகிற பெண்ணுக்கு அன்று சளி. "இன்னிக்கு மட்டும் அரை ஸ்வரம் இறக்கிக்கலாமா?" என்று கேட்டாள். கிதார் வாசிக்கிறவர் காலடியில் இருந்த சின்னப் பெட்டியை மிதித்தார். பேஸ் வாசிக்கிறவரும் மிதித்தார். அவ்வளவுதான், எல்லாக் கம்பிகளும் அரை ஸ்வரம் கீழே ஒலித்தன. யாரும் கம்பியை முறுக்குகிற சாவியைத் திருகவில்லை, யாரும் யாரையும் முறைக்கவில்லை.

"நீங்கள்லாம் அப்போ எப்படிப் பண்ணீங்க அங்கிள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"திருகித்தாம்மா பண்ணோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த அரை ஸ்வரத்தால் எனக்கு ஒரு நல்ல பேண்டில் இருந்த இடமே போனது. அதை டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்க முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பேஸ் கிதார் வாசித்துப் பிழைத்தவன். ஊரில் பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியாது. "இன்னா கோதண்டம், உன் கிதார்ல ரெண்டு கம்பி காணோம்?" என்று ஆஸ்டின் டவுனில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. சாதாரண கிதாருக்கு ஆறு கம்பி. இதற்கு நான்கு, அதுவும் தடியாக இருக்கும். சத்தம் காதில் கேட்பதைவிட வயிற்றில்தான் கேட்கும். மேலே கிதாரும் கீபோர்டும் என்ன வித்தை காட்டினாலும், அடியில் நான் எந்த ஸ்வரத்தைப் போடுகிறேனோ அதன்மேல்தான் பாட்டு உட்காரும். பாடுகிறவனும் தன்னை அறியாமல் அதைத்தான் பிடித்துக்கொள்வான். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் சில பேருக்கு ராக் பைத்தியம் பிடித்தது. 'ரெட் ஆக்ஸைடு' என்று பேண்டுக்குப் பெயர் வைத்தோம். எங்கள் எல்லார் வீட்டுத் தரையும் அதுதான். கிதாருக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள், பக்கத்து வீட்டு வேணு பாடுவேன் என்றான், மிச்சமிருந்த பேஸ் என் தலையில் விழுந்தது. வாத்தியார் கிடையாது. கேசட்டைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, விரல் நுனி கொப்பளித்து, உடைந்து, காய்த்துப்போன பிறகு ஏதோ வந்தது. பேஸ் கம்பிகள் பழசானால் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைப்போம். அழுக்கு இறங்கி ஒலி திரும்பும். ஒருநாள் அம்மாவின் குழம்புப் பாத்திரத்தில் போட்டுவிட்டேன். அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாடா இது, ஒயர்க் குழம்பா?" என்றாள். அன்றிலிருந்து அந்தப் பாத்திரம் எனக்கே சொந்தமாகிவிட்டது.

ரெட் ஆக்ஸைடு கலைந்ததும் ஒரு பெரிய ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை கிடைத்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு, சாப்பிடுகிறவர்களின் பேச்சுக்குக் கீழே அடங்கி வாசிக்க வேண்டும். பரிமாறுகிறவர் மேசையருகே குனிந்தால் இன்னும் அடங்க வேண்டும். கல்யாணம், பெண் பிறந்தது எல்லாம் அந்தக் கோட்டுக்குள் இருந்தபோதுதான் நடந்தது. குறையொன்றும் சொல்ல முடியாத வேலை. ஆனால் ஒருநாள்கூட யாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்ததில்லை.

அப்போதுதான் வேணு வந்து சொன்னான். "மச்சி, எங்க பேண்டுல பேஸ்காரன் துபாய்க்குப் போறான். ரகு சார் ஆள் தேடுறாரு. உன் பேரைச் சொல்லி வெச்சிருக்கேன். ஜல்தியா வந்து பாரு."

வேணு அதற்குள் 'ஒன்பதாம் கிராஸ்' என்ற பேண்டின் பாடகனாகிவிட்டிருந்தான். பகலில் நீலசந்திராவில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை, மாலையில் பாட்டு. பெங்களூர்க் கல்லூரி விழாக்களில் ஒன்பதாம் கிராஸ் என்றால் அப்போது மைதானம் நிறையும். சொந்தப் பாட்டுகள் வைத்திருந்தார்கள். எனக்குக் கோட்டைக் கழற்ற ஒரு காரணம் போதுமாயிருந்தது.

ரகுராமன் மல்லேஸ்வரத்துக்காரர். அப்பா, தாத்தா எல்லாம் மைசூர் அரசாங்க உத்தியோகம். இவர் பகலில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர், சாயங்காலம் கீபோர்டு. பேண்டை ஆரம்பித்தது, பாட்டுகளை எழுதியது, எங்கே வாசிப்பது என்று முடிவு செய்வது எல்லாம் அவர்தான். யாரையும் ஒருமையில் பேசமாட்டார். திட்டும்போதும் மரியாதை குறையாது, அதனாலேயே திட்டு கூடுதலாக வலிக்கும். அவர் வீட்டு கார் ஷெட்டில் என்னை வாசிக்கச் சொன்னார். நான் எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் இறக்கினேன். முடியும்வரை கேட்டுவிட்டு, "நல்லா வாசிக்கறீங்க கோதண்டம். இதுல பாதி வேண்டாம். எந்தப் பாதின்னு நீங்களே யோசிச்சுண்டு நாளைக்கு வாங்க" என்றார். யோசித்துக்கொண்டு போனேன். சேர்த்துக்கொண்டார்.

அவரிடம் சில விதிகள் உண்டு. சுருதி சேர்க்கிற சத்தம் ஜனங்களின் காதில் விழக்கூடாது. மேடைக்குப் பின்னால், ஒருவர் பின் ஒருவராக, சுருதி காட்டுகிற அவருடைய டியூனர் பெட்டியில் செருகி, முள் நடுவில் நிற்கிறவரை சேர்க்க வேண்டும். கம்பி கொஞ்சம் மேலே போய்விட்டால் அப்படியே இறக்கி நிறுத்தக்கூடாது. நன்றாகத் தளர்த்திவிட்டு, கீழிருந்து ஏற்றிக்கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இறக்கி நிறுத்திய கம்பி இரண்டாவது பாட்டுக்குள் நழுவிவிடும். முடித்தபின் அவரே ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்ப்பார். திருப்தியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார்.

கரெண்ட் போனால் டிரம்ஸ் நிற்கக்கூடாது என்பது இன்னொரு விதி. அந்தக் காலத்தில் கரெண்ட் போகாமல் ஒரு ஷோ முடிந்தால் அதிசயம். கிதார், கீபோர்டு, மைக் எல்லாம் ஊமையாகிவிடும். எங்கள் டிரம்மர் சலீம் மட்டும் அடித்துக்கொண்டே இருப்பான், ஜனம் கைதட்டிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டருக்கு உயிர் வந்ததும் நாங்கள் ஓடுகிற பஸ்ஸில் ஏறுவதுபோல அந்தத் தாளத்தில் ஏறிக்கொள்வோம்.

எல்லாவற்றுக்கும் மேலான விதியை அவர் முதல் வாரமே என்னை உட்காரவைத்துச் சொன்னார். "மேடையில தப்பு நடக்கும். நடந்தா யார் சரின்னு யோசிக்காதீங்க. எல்லாரும் என்கூட வந்துடுங்க. நான் தப்பா இருந்தாலும் என்கூட வாங்க. எல்லாரும் சேர்ந்து தப்பா வாசிச்சா அது அரேஞ்ச்மென்ட். ஒருத்தர் மட்டும் சரியா வாசிச்சா அதுதான் தப்பு."

இடது கைச் சுட்டுவிரலை அவர் உயர்த்தினால் 'என்கூட வா' என்று அர்த்தம். கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஷோக்களில் அந்த விரல் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஒருமுறை அவரே ஒரு சரணத்தை மறந்து தாண்டிவிட்டார். விரல் உயர்ந்தது, எல்லோரும் கூடவே தாண்டினோம். கேட்டவர்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

இனி வேணுவின் தொண்டைக்கு வருகிறேன். பேண்டின் பெரிய பாட்டு ஒன்று இருந்தது. அது எப்போதும் கடைசியில்தான் வரும். அதன் கடைசி வரியில் வேணு மேலே ஏறி, உச்சியில் நின்று, இறங்காமல் முடிப்பான். பாதி ஜனம் அதற்காகவே காத்திருக்கும். அவன் வீட்டில் நோஞ்சானாகத் தெரிவான், அந்த வரியில் மட்டும் எங்கிருந்து அவ்வளவு காற்று வருகிறது என்று எனக்கே புரியாது.

ஒரு மழைக்காலத்தில் குரல் கம்ம ஆரம்பித்தது. முதலில் சளி என்றான், பிறகு தூசி என்றான். கடைசியில் டீக்கடையில் டீ கேட்டால் காற்றுதான் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். குரல் நாணில் ஒரு சின்னக் கட்டி. அறுத்து எடுத்தார்கள். பல வாரம் வாயைத் திறக்கக்கூடாது என்றார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் மோட்டார் மூடியில் சாக்பீஸால் எழுதிக்காட்டிப் பேசினான். எனக்கு மட்டும் கெட்ட வார்த்தை எழுதிக் காட்டுவான்.

பாடலாம் என்று டாக்டர் சொன்ன நாளில் நானும் பக்கத்தில் இருந்தேன். "பாடுங்க. ஆனா பழைய உச்சிக்குப் போகாதீங்க. அறுத்த இடம் கிழிஞ்சா பாட்டு மட்டும் இல்ல, பேச்சே திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். வெளியே வந்ததும் வேணு என் கையைப் பிடித்துக்கொண்டான். "ரகு சார்கிட்ட சொல்லாதே மச்சி. வேற ஆளைப் போட்டுருவாரு. நான் மோட்டார் சுத்திக்கினே கிடக்கணும்." புதுக் குரலில் அவன் முதன்முதலில் பேசியது இதுதான்.

நான் மறுநாளே மல்லேஸ்வரம் போய்ச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி?

ரகு சார் ஒரு மஞ்சள் துணியால் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கிறவரை துடைத்தார். "எவ்வளவு இறக்கணும்?" என்று கேட்டார்.

"அரை ஸ்வரம் சார். நானும் அவனும் நேத்து ராத்திரி வீட்டுல மெதுவா பாடிப் பார்த்தோம். அரை இறக்கினா சிரமமில்லாம வருது."

வெளியே இருப்பவர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியும். எங்கள் பாட்டுகளில் முக்கால்வாசி 'ஈ' என்ற ஸ்வரத்தில் நிற்பவை. பேஸ் கிதாரின் அடிக்கம்பியும் ஈ, கிதாரின் அடிக்கம்பியும் ஈ. விரலே வைக்காமல் அந்தக் கம்பியை விட்டு அடிப்பதில்தான் ராக் பாட்டின் முரட்டுத்தனம் இருக்கிறது. அதற்குக் கீழே போக வேண்டுமானால் கம்பிகளையே தளர்த்தி, ஈக்கு அரை ஸ்வரம் கீழே இருக்கும் ஈ ஃப்ளாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தளர்ந்த கம்பி தொளதொளத்து உலோகக் கட்டைகளில் இடித்துக் கடகடக்கும். அதற்காகத் தடித்த கம்பி மாற்றி, கிதாரின் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைச் சற்றுத் தளர்த்தி, ஒருநாள் அப்படியே ஊறவிட வேண்டும். ஷோ நடக்கும்போது நினைத்தால் மாற்றிக்கொள்ள முடியாது. கீபோர்டுக்கு மட்டும் இந்த வம்பெல்லாம் இல்லை. அதில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தி ஒன்று குறைத்துவிட்டால், விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும், ஒலி மட்டும் அரை ஸ்வரம் கீழே வரும்.

"சரி, எல்லாரும் இறக்கிடுங்க. நான் பட்டனைப் போட்டுக்கறேன்" என்றார் ரகு சார். பிறகு துணியை மடித்து வைத்துவிட்டு, "வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம். குரல் போயிடுத்துன்னு ஊர்ல பேசினா அவருக்குத்தான் கஷ்டம்" என்றார். வேறு பாடகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று அவர்மேல் எனக்கு வந்த மதிப்பு சாதாரணமானதல்ல.

சில மாதங்கள் நன்றாகவே போயின. வேணு பயம் தெளிந்து பாடினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தாபுராவுக்கு அப்பால் ஒரு கல்லூரி விழாவில் எங்களை மாலை வெயிலோடு ஏற்றினார்கள். கடைசிக்கு முந்தின பாட்டின் முடிவில் கரெண்ட் போயிற்று. சலீம் நிறுத்தவில்லை. ஜனம் கைதட்டியது. ஜெனரேட்டர் உறுமியதும் நானும் கிதாரும் ஏறிக்கொண்டு பாட்டை முடித்தோம். கீபோர்டு கொஞ்ச நேரம் கழித்து விழித்துக்கொண்டது.

கரெண்ட் போய் வந்தால் அந்தக் கீபோர்டு பட்டன் போட்டதை மறந்துவிடும். மறுபடி அழுத்த வேண்டும், அழுத்தினால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். இது ரகு சாருக்குத் தெரியாததல்ல. ஆனால் மேற்கு வெயில் நேராகக் கீபோர்டின் மேல் அடித்துக்கொண்டிருந்தது, விளக்கு எரிகிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஜனம் பெரிய பாட்டின் பெயரைக் கத்திக்கொண்டிருந்தது. அவர் உடனே தொடங்கிவிட்டார்.

அந்தப் பாட்டு கீபோர்டில் தனியாகத் தொடங்கும். நிதானமாகச் சில சுற்று வரும், பிறகு வேணு பாடுவான், அவனோடு நாங்கள் நுழைவோம். முதல் ஸ்வரம் விழுந்ததுமே எனக்கு உறைத்தது. சந்தேகத்துக்கு என் அடிக்கம்பியைச் சத்தமில்லாமல் தொட்டுப் பார்த்தேன். அவர் ஈயில் இருந்தார், நாங்கள் எல்லோரும் ஈ ஃப்ளாட்டில் இருந்தோம்.

அவரோடு போவது எனக்குக் கஷ்டமே இல்லை. எல்லா ஸ்வரத்தையும் ஒரு கட்டை மேலே தள்ளி வாசித்தால் தீர்ந்தது. கிதார் வாசிக்கிறவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான் போனால் அவரும் வருவார். விதியும் அதுதான். ஆனால் வேணு கண்ணை மூடிக்கொண்டு, கீபோர்டைக் கேட்டுக்கொண்டு, மைக்கைப் பிடித்து நின்றிருந்தான். அந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினால் கடைசி வரியில் பழைய உச்சிக்கே போய் நிற்பான். பாதியில் நிறுத்துகிற ஆள் இல்லை அவன், அத்தனை ஜனத்தின் முன்னால் நிச்சயமாக நிறுத்தமாட்டான். ரகு சார் மேடையின் மறுகோடியில் இருந்தார். நான் நடந்து போய்ச் சொல்ல என் ஒயர் எட்டாது, கத்தினால் கேட்காது.

என் அடிக்கம்பியை, நான் வாசிக்கவே கூடாத அந்த இடத்தில், ஓங்கி அடித்தேன்.

அரை ஸ்வரம் தள்ளி இரண்டு வாத்தியம் ஒன்றாக ஒலித்தால் பல் கூசும். முன்வரிசையில் முகங்கள் சுளித்தன. ரகு சார் நிமிர்ந்து பார்த்தார். நான் இடம் தவறி நுழைந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்திருப்பார். இடது கை விரல் உயர்ந்தது. நான் அவரைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டி, முடியாது என்றேன். மறுபடி அதே கம்பியை அடித்தேன். விரல் இன்னும் உயரமாக எழுந்தது. சலீம் குச்சிகளைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பேஸ் வாசிக்கிறவன் குடித்திருக்கிறானா என்று கூட்டத்தில் ஒருவன் கன்னடத்தில் கேட்டது என் காதில் விழுந்தது. ஆனாலும் மூன்றாவது முறை அடித்தேன்.

வேணு கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினான். அதே நேரம் ரகு சார் வெயிலுக்குக் கையால் மறைப்புக் கொடுத்துக் குனிந்து கீபோர்டைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று அவர் தோளிலேயே தெரிந்தது. பட்டனை அழுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அழுத்தவில்லை. இரண்டு கைகளையும் கட்டைகளிலிருந்து எடுத்து, பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேடையில் என் ஒரு ஸ்வரம் மட்டும் இருந்தது. வேணு அதைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தான். பிறகு சலீம் வந்தான், கிதார் வந்தது. கீபோர்டு இல்லாமலே பாட்டு முடிந்தது. கடைசி வரி சிரமமில்லாமல் ஏறி நின்றது, ஜனம் காது கிழியக் கத்தியது. ரகு சார் முடிகிறவரை கையைக் கட்டியபடியே நின்றார்.

சாமான்களை மூட்டை கட்டினோம். வேணு பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து, "மச்சி, உன் நோட்டு வரலேன்னா மேலயே எடுத்திருப்பேன்டா" என்று மெதுவாகச் சொன்னான்.

அந்த வாரக் கடைசியில் ரகு சார் ஆஸ்டின் டவுனுக்கு, எங்கள் வீட்டுக்கே வந்தார். அதற்கு முன் வந்ததில்லை. என் மனைவி மல்லிகா காபி கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அடுத்த ஷோவுக்கு வேற பேஸ் ப்ளேயர் வரார் கோதண்டம். போன்ல சொல்றது சரியில்லைன்னு வந்தேன்."

"சார், நான் வேணு தொண்டைக்காகத்தான்…"

"தெரியும். நீங்க பண்ணது சரி. விளக்கைப் பார்க்காதது என் தப்பு." குரல் சற்றும் ஏறவில்லை. "ஆனா விரல் தூக்கினா வரமாட்டார்னு ஒருதரம் தெரிஞ்சுபோச்சுன்னா, அடுத்த தரம் தூக்கறப்போ எனக்கே சந்தேகம் வரும். சந்தேகத்தோட என்னால பேண்டு நடத்த முடியாது. ஸ்டேஜ்ல முடிவெடுக்கறவர் ஒருத்தர்தான் இருக்க முடியும்."

பதிலுக்கு நிறையச் சொல்லலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எழுந்து வாசல் வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வந்தபோது மல்லிகா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நீ பண்ணது சரின்றாரு, வேலை இல்லைன்றாரு. இன்னா மனுஷன்யா இவரு? காபியை வேற நல்லா இருக்குன்னு சொல்லி குடிச்சாரு" என்றாள்.

ரகு சார் மேல் எனக்கு வந்த கோபத்தைவிட வேணுமேல் வந்ததுதான் பெரிது. அவனுக்காக ஒரு வார்த்தை பேசினேன், அவன் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து வீடு, ஆனாலும் மாதக்கணக்கில் எங்கள் வாசலைத் தாண்டும்போது செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டே போனான்.

நான் சும்மா இருக்கவில்லை. ஐ.டி. கம்பெனிப் பையன்கள் நடத்திய ஒரு மெட்டல் பேண்டில் சேர்ந்தேன். அவர்கள் கம்பிகளை இறக்குகிற இறக்கத்தில் துணி காயப்போடலாம். பாடகன் உறுமுவான், அவனுக்கு எந்த ஸ்வரமும் தேவைப்படவில்லை. ஓரிடத்தில் அரை ஸ்வரத்துக்கு வேலை போகிறது, இவர்கள் கூச்சமே இல்லாமல் பாதாளத்துக்கு இறங்குகிறார்களே என்று சிரித்துக்கொள்வேன். நல்ல பிள்ளைகள், என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு கம்பெனி விழாக்களுக்கு வாசிக்கிற ஒரு பேண்டில் பல வருடம் இருந்தேன். விரல் மூட்டு வீங்க ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டேன். அதிலெல்லாம் எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

மெட்டல் பேண்டில் இருந்தபோது ஒரு காலை வேணு வீட்டுக்குள் வந்து நின்றான். "பேசியிருக்கணும்டா. பேசினா என்னையும் அனுப்பிருவாருன்னு பயந்துட்டேன்" என்றான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "ஞாயித்துக்கிழமை பசவனகுடி காலேஜ் கிரவுண்டுல ஷோ. நீ வரணும். நீ ஒண்ணு பார்க்கணும்" என்றான். நான் முடியாது என்றேன். மல்லிகா உள்ளேயிருந்து, "அதான் வா வான்றாரு இல்ல, போயிட்டுதான் வாயேன்" என்றாள். போனேன்.

மேடைக்கு ஓரமாக, ரகு சாரின் கைகள் தெரிகிற இடத்தில் நின்றேன். எனக்குப் பதிலாக வந்த பேஸ்காரன் சுத்தமாக வாசித்தான், எனக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் பெரிய பாட்டு வந்தது. கீபோர்டு தனியாகத் தொடங்கியது. ஈ ஃப்ளாட்டில்தான் தொடங்கியது. வழக்கம்போலப் பட்டனைப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. பட்டன் இருந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

அந்தப் பாட்டைப் பழைய ஈயில் வாசித்தால் விரல்கள் அநேகமாக வெள்ளைக் கட்டைகளிலேயே ஓடும். ஈ ஃப்ளாட்டில் நேராக வாசித்தால் ஏறக்குறைய எல்லாம் கறுப்புக் கட்டைகள். பழகிய கைக்குத் தாய்மொழியை விட்டு வேறு மொழியில் பேசுவது மாதிரி. ரகு சாரின் விரல்கள் கறுப்புக் கட்டைகளின் இடையில் புகுந்து நடந்துகொண்டிருந்தன. பட்டன் இல்லை. இனி எத்தனை முறை கரெண்ட் போய் வந்தாலும் வேணு பிடிக்க வேண்டிய ஸ்வரம் மாறாது.

ஷோ முடிந்ததும் வேணுவிடம் கேட்டேன். "எத்தனை பாட்டு இப்படி?"

"எல்லாப் பாட்டும். சந்தாபுரா ஷோ முடிஞ்ச மறுநாளே ஆரம்பிச்சிட்டாராம். ஆபீஸ் விட்டு வந்து தினம் உக்கார்றாருன்னு அவங்க வீட்டுல சொன்னாங்க. எங்ககிட்டகூட சொல்லலை மச்சி, ஒருநாள் ரிகர்சல்ல பார்த்தா டேப் ஒட்டியிருக்கு."

மறுநாளே என்றால், எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்து என்னை அனுப்பிய அன்று அவர் ஏற்கனவே தொடங்கிவிட்டிருந்தார். அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு மறுபடி கோபம் வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது, மறைப்பதற்கில்லை.

மேடையில் ரகு சார் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க கோதண்டம்" என்றார். ஒயரைக் கீழே வைத்தார். பிறகு, "சரியா இருந்ததா?" என்று கேட்டார். அவர் யாரிடமும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"சரியா இருந்துச்சு சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஒயரைச் சுற்றப் போனார். திரும்ப வரும்படி என்னைக் கூப்பிடவில்லை, பிறகும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அன்றே போயிருப்பேன்.